அணைத்து வைத்த கணினி

துணியில் கத்தரி வைக்கத் தையல்காரிக்கு அரை நிமிடம் போதும். ஒரே வெட்டு, மறுபேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஒரு பழைய கணினி விஷயத்தில் மட்டும் முடிவு சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். இழுக்காமல் என்ன செய்வாள்? அந்தப் பெட்டிக்குள்தான் அவள் கணவரின் பேச்சு இருந்தது.

அவர் லாரி ஆபீஸில் புக்கிங் பார்த்தவர். வாய் ஓயாத மனுஷர். பக்கவாதம் வந்து கைகால் போனது, குரலும் போனது. வலது கட்டைவிரல் மட்டும் தப்பியது. திரையில் எழுத்துகளின் மேல் ஒரு வெளிச்சம் நகரும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் பொத்தானை அழுத்துவார். எழுத்துகள் சேர்ந்ததும் கணினி வாய்விட்டுப் படிக்கும். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். ஆனாலும் பேச்சு பேச்சுதானே.

போன வாரம் கணினி பாதியில் உறைந்து நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்குச் சளி அடைத்து மூச்சு முட்டியது. அடுத்த அறையில் தையல் மிஷின் ஓடியதில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. நூல் அறுந்ததால் எழுந்து எட்டிப் பார்த்தாள். அவர் முகம் நீலமாகிக் கிடந்தது. ஓடிப்போய்ச் சளியை எடுத்துக் காப்பாற்றியவள், அன்றிலிருந்து மிஷினை நிறுத்தி நிறுத்தி எட்டிப் பார்த்தபடியே இருந்தாள்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கான தம்பியை வரவழைத்தாள். அவன் அதை அணைத்து, டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டி நகல் எடுக்க உட்கார்ந்தான்.

“கம்ப்யூட்டர ஓட்டுற ஓஎஸ்ஸப் புதுசா போட்டா இப்படி நிக்காதுக்கா. ஆனா மாமாவோட புரோகிராம் அதுல ஓடுமான்னு சத்தியம் பண்ண முடியாது. அதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. வேற பெட்டியிலயும் ஏத்த முடியாதபடி பூட்டி வச்சிருக்கான்.”

“ஓடலைன்னா பழசையே திருப்பிப் போட்டுடுவல்ல?”

“டிஸ்க்ல பாதி படிக்கவே மாட்டேங்குது. நகல் முழுசா வந்தாத்தான் உண்டு.”

“அப்ப விடுடா. இப்படியே இருக்கட்டும்.”

“இன்னொரு தடவ மூச்சு முட்டினா?”

“வாயக் கழுவு.”

போடு என்றாள், வேண்டாம் என்றாள், மறுபடி போடு என்றாள். அவனும் விடவில்லை. இருவரும் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தபடி மல்லுக்கட்டினார்கள். நடுவே டக், டக் என்று ஒரு சத்தம்.

“டிஸ்க் முனகுது பாரு,” என்று அவன் பதறிப்போய் அதைக் கழற்றினான்.

டக், டக்.

அவள் திரும்பினாள். இருண்ட திரைக்கு முன்னால் அவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். கண் சிவந்திருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் பேச்சை என்ன செய்வதென்று இத்தனை நேரம் பேசியிருக்கிறார்கள், அவர் வாயை அடைத்து உட்கார வைத்துவிட்டு.

“மொதல்ல அவருக்கு ஆன் பண்ணிக் குடு.”

டிஸ்க்கைத் திரும்ப மாட்டினான். திரை நெடுநேரம் கறுப்பாகவே கிடந்தது. தம்பி நகத்தைக் கடித்தான். ஒருவழியாக வெளிச்சம் எழுத்துகளின் மேல் ஊரத் தொடங்கியது.

“போடு,” என்று படித்தது கணினி. சற்றுப் பொறுத்து, “நாளைக்கு.” பிறகு, “இன்னைக்குப் பேசணும்.”

தம்பி பையை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுத்தை மிச்சம் பிடிக்கிற மனுஷர், அவளைக் கூப்பிட ‘வா’ என்ற ஓரெழுத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். இன்று அவள் பெயரை முழுசாக எழுதினார்.