ஐயாயிரம் அடிக்குக் கீழே

"ஐயாயிரம் அடிக்கு மேல மட்டும் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க." டாக்டர் சொன்னது அவ்வளவுதான். என் மனைவிக்கு நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது. அதனால்தான் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினோம். ஆனால் எங்கள் மகன் மேலே, எஸ்டேட் கல்லறையில் இருந்தான். கல்லறைத் திருநாளுக்கு அவன் தலைமாட்டில் மெழுகுவத்தி வைக்காமல் அவளால் இருக்க முடியாது.

அந்த இடம் ஐயாயிரத்துக்கு மேலா கீழா என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா மகன் என் போனில் உயரம் காட்டும் ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையுமாம். அதை வைத்து உயரத்தைக் கணக்குப் போட்டுவிடுமாம். ரயில்வே ஸ்டேஷன் பலகையில் எழுதியிருக்கும் உயரத்தைப் பார்த்து அவனே அதைச் சரிசெய்தும் வைத்தான். அன்றைக்கு நல்ல வெயில்.

திருநாளன்று விடியும்போதே புயல் மழை. பஸ்ஸில் அவள் செபமாலை உருட்டினாள், நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பர்லியார் தாண்டியதிலிருந்து வளைவுக்கு வளைவு, "ஏனுங்க, எவ்வளவுங்க?" என்றாள். கல்லறைக்கு இன்னும் சில வளைவுகள் இருக்கையிலேயே ஐயாயிரம் காட்டிவிட்டது.

"எறங்கலாம் புள்ள."

"மூச்சு நல்லாத்தானுங்க இருக்குது."

"டாக்டர் சொல்லீருக்காரு."

பஸ்ஸை நிறுத்தி இறங்கினோம். ரோட்டோரக் கட்டைச்சுவரில் மெழுகுவத்தியை வைத்தாள். நான் குடை பிடித்தும் அணைந்து அணைந்து போனது. மேலே மேகத்தைப் பார்த்து, "அம்மா இவ்வளவு தூரந்தான் வர முடிஞ்சுது சாமி" என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா மகன் தலையில் கைவைத்தான். "புயல் வந்தா நின்ன எடத்துலயே காத்தழுத்தம் எறங்கும் மாமா. போனு அதையும் ஏத்தம்னு நெனச்சுக்கும். காலைல மறுபடி பலகையப் பாத்துத் திருத்தீருக்கணும்."

அவள் இருமலோடு சிரித்தாள். "மலையேறுனது போனுதானுங்களா? அப்ப பஸ் டிக்கெட்டுக் காசையும் அதுகிட்டயே கேளுங்க." பிறகு, "வர்ற வருசம் திருத்திக்கிட்டுப் போலாங்க" என்றாள்.

அந்த வருசம் வருவதற்குள் ஆண்டவர் அவளை அழைத்துக்கொண்டார். மகனுக்குப் பக்கத்தில்தான் வைக்கணும் என்று கேட்டிருந்தாள். அடக்கத்தன்று காலையில் நான் ஸ்டேஷனுக்குப் போய்ப் பலகையைப் பார்த்துப் போனைத் திருத்தினேன். யாருக்கும் சொல்லவில்லை. மண் மூடி, எல்லோரும் நகர்ந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். ஐயாயிரத்துக்குக் கீழேதான் இருந்தது.

டாக்டர் பேச்சை அவள் மீறவேயில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு செபம் சொன்னேன்.