வலது மூலை

எங்கள் நடுநிலைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது. கணக்கு எடுக்கிற நான்தான் விசிலும் ஊத வேண்டும். வருகைப் பதிவு, காலணி அளவு, சத்து மாத்திரை என்று செயலியில் ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றிவிட்டு, மிச்சமிருக்கிற நேரத்தில் பாடம். சேலத்திலிருந்து பஸ் பிடித்து வெண்ணந்தூரில் இறங்கும்போதே எனக்குப் பாதி நாள் முடிந்துபோன மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருடமாக வடிவியல் நடத்துகிறேன். செவ்வகத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

அந்த வருடம் ஒரு பயிற்சியில், வடிவியலைக் கணினியிலும் மைதானத்திலும் சேர்த்து நடத்துங்கள் என்றார்கள். சொன்னவர் குளுகுளு அறையில் நின்று சொன்னார். இருந்தாலும் செய்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்காரவைத்துக் கபடிக் களத்தை வரையச் சொன்னேன். நீளம் பதினொன்று, அகலம் எட்டு, நடுவில் ஒரு கோடு. எல்லாரும் அழகாக வரைந்தார்கள். அச்செடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினோம். ஒரு பிள்ளையின் அப்பா கொத்தனார். அவரிடம் டேப் மட்டும் இரவல் வாங்கினோம். நான்கு குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூள் போட்டோம். நான்கு பக்கமும் அளவு சரியாக இருந்தது. "இதுதான் செவ்வகம்" என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டு நிழலுக்குப் போனேன்.

அந்த வகுப்பில் ஒருத்தி இருந்தாள். கணக்கில் இருபது மார்க் தாண்டமாட்டாள். கபடியில் ரெய்டு போனால் யாராலும் பிடிக்க முடியாது. அப்பா போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுவார், அம்மா தறிக்குப் போவார். குறுவட்டப் போட்டியில் ஜெயித்தால் மாவட்டம். அங்கே யார் கண்ணிலாவது பட்டால் விளையாட்டு விடுதி. சோறும் படிப்பும் கபடியும் ஒரே இடத்தில். அவள் கேட்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான்.

புதுக் களத்தில் பயிற்சி தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். இடது மூலையில் நிற்பவளைச் சுலபமாகத் தொட்டுவிட்டு வருகிறவள், வலது மூலையில் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டாள். என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், அந்த வலது மூல மட்டும் தூரமா இருக்குதுங்க."

"எவ்வளவு தூரம்?"

"இடது மூலையக் காட்டிலும் ரெண்டு சாண் கூட இருக்குமுங்க."

"பக்கம் மாறி ஆடும்போது?"

"அங்கயும் எனக்கு வலது மூலதானுங்க தூரம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "களம் கோணலா இருந்தா, பக்கம் மாறினதும் தூரமான மூலை உனக்கு இடது கைப்பக்கம் வந்திருக்கணும். ரெண்டு பக்கமும் வலதுன்னா, கோணல் களத்துல இல்லம்மா, உன் கால்ல இருக்கு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் வாயை அடைத்துவிட்ட பெருமையில், இதை ஆசிரியர் அறையிலும் ஒரு முறை சொன்னேன். களைப்பான நாளில் இப்படி ஒரு பதில் வாயில் வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு வாரத்தில் வலது மூலையையும் தொட ஆரம்பித்தாள். பார்த்தாயா, சாக்குச் சொல்லாமல் ஆடினால் எல்லாம் வரும் என்றேன். தலையாட்டினாள்.

ராசிபுரத்தில் குறுவட்ட இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி ரெய்டுக்கு இவள் போனாள். நேரே வலது மூலை. கையும் பட்டது. நடுவர் விசில் ஊதிக் கோட்டைக் காட்டினார். அவள் கால் கோட்டுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளிப் பதிந்திருந்தது. தோற்றோம். திரும்பி வருகிற பஸ்ஸில், எல்லார் முன்னாலும் கேட்டேன்: "அவ்வளவு பெரிய கோடு கண்ணுக்குத் தெரியலையா?" அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அடுத்த மாதம் இணைகரம் பாடம். பக்க நீளம் மாறாத ஒரு நாற்கரத்தைக் கணினியில் கட்டி, திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். பழக்கத்தில் பதினொன்று, எட்டு என்றே நீளம் கொடுத்திருந்தேன். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். வடிவம் சாய்ந்தது, நான்கு பக்கமும் அப்படியே இருந்தன. மூலைவிட்டம் ஒன்று நீண்டது, ஒன்று குறைந்தது. நடுப்புள்ளியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தால் வலது மூலை தூரம். மறுபக்கம் திரும்பிப் பார்த்தால், அங்கேயும் வலது மூலைதான் தூரம். அவள் சொன்னதும் இதைத்தான். இணைகரத்தை அரைச் சுற்று சுற்றினால் அதே இணைகரம் என்பது நானே வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற வரிதான்.

மத்தியானம் டேப்பை வாங்கிக்கொண்டு களத்துக்குப் போனேன். ஒரு மூலைவிட்டம் பதின்மூன்று மீட்டரைச் சற்றே தாண்டியது. இன்னொன்று பதினான்கைத் தாண்டியது. கணினி தானாகவே போட்டுக் கொடுத்த செங்கோணத்தை மண்ணில் நான் போடவே இல்லை. அந்தக் கொத்தனாரிடம் டேப்போடு ஒரு வார்த்தை கேட்டிருந்தால், செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். வெட்கமாக இருந்தது. அதைவிட, எல்லாம் போதும் என்கிற மாதிரி ஒரு அசதி.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். களம் கோணல், தப்பு என்னுடையது, அவள் சொன்னதுதான் சரி. யாரும் சிரிக்கவில்லை. அவளிடம், "ராசிபுரத்துல, சரியான களத்துல நீ எப்படிம்மா வெளியே மிதிச்சே?" என்று கேட்டேன்.

"கோணல் என் கால்ல இருக்குதுன்னு சொன்னீங்கல்லங்க டீச்சர். அதான் அந்தப் பக்கம் மட்டும் காலக் கொஞ்சம் நீட்டி வச்சுப் பழகிக்கிட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே பழைய கோடுகளைக் கலைத்து, மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றாக வரும்வரை குச்சிகளைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டோம். மாவட்டப் போட்டி அதற்குள் முடிந்திருந்தது. அவள் அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விடுவாள். சுண்ணாம்பு போட்டு முடித்ததும், ஒரு ரெய்டு போய்ப் பார் என்றேன்.

நடுக்கோட்டருகே வந்து நின்றாள். வலது மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது சரியா இருக்குதுங்களா டீச்சர்?"

டேப்பை அவள் கையில் கொடுத்தேன். ஒரு முனையைத் தோழியிடம் பிடிக்கச் சொல்லி, இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்தாள். பிறகு தோழியை இடம் மாற்றி நிறுத்தி, இன்னொரு முறை அளந்தாள்.