ஏழு நாளும் நாலு மணி நேரமும்

சிராங்கூன் ரோட்டில் கப்பலுக்கும் விமானத்துக்கும் டிக்கெட் எழுதும் ஆபீசில் கிளார்க்காக இருந்தார் ஆம்ப்ரோஸ். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வாய்ப்பாடு: "மெட்ராஸ் ஆயிரத்து எண்ணூறு மைல். கப்பல்ல ஏழு நாள். பிளேன்ல நாலே மணி நேரம்தான்லா!" ஏதோ தானே ஓட்டிக்கொண்டு போவதுபோல் அப்படியொரு பெருமை. அந்தப் பெருமை வீட்டில் மட்டும் எடுபடவில்லை. தலைப்பிரசவத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்ட அவர் மனைவி பிரிஜட், "அந்தரத்துல தொங்கிக்கிட்டு நான் போகமாட்டேன், ஆளை விடுங்க" என்று அடம்பிடித்துக் கப்பலிலேயே போனாள்.

அந்த ஆபீசுக்குத் தந்தியும் கையுமாக ஓடிவருகிறவர்களும் உண்டு. 'அப்பா சீரியஸ், உடனே புறப்படவும்.' சீரியஸ் என்றால் என்னவென்று ஆம்ப்ரோஸுக்குத் தெரியாதா? கடல் தாண்டி இருக்கிறவனுக்கு, செத்துப்போனார் என்று பச்சையாக யார் தந்தி அடிப்பார்கள்? டிக்கெட் போடும்போதே பதில் தந்தியையும் அவரே எழுதிவிடுவார்: 'விமானத்தில் வருகிறேன். உடலை வைத்திருக்கவும்.' வந்தவர் அதைப் படித்ததும் உடைந்து அழுவார். "ஒண்ணும் ஆயிருக்காதுண்ணே, இது சும்மா ஒரு முன்னேற்பாடு" என்று ஆம்ப்ரோஸ் தோளைத் தட்டி அனுப்புவார்.

அறுபத்து மூன்றில் ஒரு திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்த நேரத்தில், அவர் பேருக்கே தந்தி வந்தது. 'பிரிஜட் சீரியஸ்.'

கூட வேலை பார்த்த சாகுல் ஹமீது ஓடியாடி மறுநாள் காலை விமானத்தில் இடம் பிடித்துவிட்டார். தந்தித் தாளையும் பேனாவையும் எடுத்தார்.

"நான் எழுதட்டுமா, ஆம்ப்ரோஸ்?"

"வேணாம் பாய். நானே எழுதுறேன்."

கை ஓடவில்லை. 'உடலை' என்று எழுதினால் தானே அவளைக் கொன்றதாகிவிடாதா? ஒருவேளை மூச்சு இருந்தால்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து படுத்திருந்து, 'அவர்ட்டருந்து என்ன வந்திருக்கு?' என்று கேட்டால்? ஐயோ, எத்தனை பேருக்குக் கொஞ்சமும் கூசாமல் எழுதிக் கொடுத்த வார்த்தை! அரை மணி நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'நாளை புறப்படுகிறேன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

சாகுல் ஹமீது வாங்கிப் படித்தார். வாய் திறக்கப் போனவர், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "ஒண்ணும் ஆயிருக்காது" என்று தோளைத் தட்டினார்.

பாயலேபாரில் விமானம் ஏறி, மெட்ராஸில் இறங்கி, ரயில் பிடித்து, புதன்கிழமை காலையில் ஆம்ப்ரோஸ் நாகப்பட்டினம் வீட்டு வாசலில் நின்றார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு பச்சைப்பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

மாமனார் அவரைப் பார்த்துப் பேயறைந்தவர்போல் நின்றுவிட்டார். மடியிலிருந்து ஆம்ப்ரோஸ் அடித்த தந்தியை எடுத்து விரித்தார்.

"அதுக்குள்ள எப்படி மாப்ள வந்தீங்க? ஐயோ, நேத்து சாயந்தரம்தானே அடக்கம் பண்ணோம்! ஐஸ் கட்டிக்குக்கூடச் சொல்லி வச்சிருந்தேன். நீங்க வைக்கச் சொல்லி ஒரு வார்த்தை போடலையே. கப்பல்லதான் வர்றீங்களாக்கும், ஏழு நாள் தாங்காதேன்னு..."

"நாலு மணி நேரம்தான் மாமா" என்றார் ஆம்ப்ரோஸ். பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.