மீட்டரில் அறுபது, ரோட்டில் ஐம்பத்திரண்டு

பைக்கில் பல் சக்கரத்தை மாற்றுவது அரை மணி நேர வேலை. மாற்றிய பிறகு ஸ்பீடோமீட்டர் ஏன் தப்பாகக் காட்டுகிறது என்று கஸ்டமருக்குப் புரிய வைப்பது ஆயுசு வேலை.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். என்னைப்போல கையெல்லாம் கிரீஸும் காதெல்லாம் கம்ப்ளெயின்ட்டுமாக வாழ்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. மற்றவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இன்ஜின் பக்கம் செயினை இழுக்கிற முன் பல் சக்கரத்தைச் சின்னதாக்கினால் வண்டி பாரம் நன்றாக இழுக்கும், ஆனால் வேகம் குறையும். நிறைய புது வண்டிகளில் வேகத்தை அளக்கிற சென்சார் கியர் பாக்ஸிலேயே இருக்கிறது. பின் சக்கரம் முன்னைவிட மெதுவாகச் சுற்றுவது அதற்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பழைய கணக்கில் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரி பண்ண ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் மாட்டி, எவ்வளவு குறைக்கணுமோ அவ்வளவு குறைத்து வைத்துவிட்டால் கதை முடிந்தது. முடிந்தது என்று நான்தான் நினைத்துக்கொள்வேன்.

பெட்டி வேண்டும் பெரியவர்

பெரியவர் ஒருத்தர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுவதற்காகப் பல் சக்கரத்தை மாற்றச் சொன்னார். மாற்றினேன். பிறகு ஒரே பிடிவாதம், பெட்டியும் மாட்டணுமாம். அவருடையது பழைய வண்டி. மீட்டருக்குக் கேபிள் முன் சக்கரத்திலிருந்து போகிறது. பல் சக்கரத்தை மாற்றினாலும் அந்த மீட்டருக்கு ஒன்றும் ஆகாது.

வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று முன் சக்கரத்தைத் தூக்கி, கையாலேயே சுழற்றிக் காட்டினேன். முள் ஆடியது. "பாத்தீங்களா, இன்ஜினே ஓடல, முள்ளு மட்டும் ஆடுது" என்றேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவர் கடைசியில் சொன்னார்: "அதெல்லாம் சரி தம்பி, பக்கத்து வூட்டுக்காரனுக்கு மாட்டிவுட்டியே ஒரு பொட்டி, அது எனக்கும் ஒண்ணு மாட்டிவுடு, பாக்கறதுக்கு நல்லாருக்குது!"

கண்டக்டரின் டாட்டா

கோமதி செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லத்துப் பெண். திருவண்ணாமலையில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினாள். முகம் அழுகிற மாதிரி இருந்தது.

காலையில் அவள் அப்பா பால் கேன்களை இறக்கிவிட்டு வந்த பிறகுதான் அந்த ஒரே பைக் அவள் கைக்கு வரும். அப்போது கிளம்பினாலும் அறுபதில் போனால் நேரத்துக்குப் போய்விடலாம். அறுபதில்தான் போகிறாளாம். தினமும் ஏழெட்டு நிமிஷம் லேட். இன்னொரு தடவை லேட்டானால் பர்மனன்ட் கிடையாது, வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். "என் மேல தப்பே இல்லண்ணா" என்று சத்தம் போட்டாள். "அறுபதுல போற என்னை பஸ்ஸு ஓவர்டேக் பண்ணிட்டுப் போவுது, கண்டக்டரு வேற டாட்டா காட்டறாரு!"

அம்மன் பார்க்கும் நம்பர்

இந்த மாதிரி கேஸ் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. முன் பல் சக்கரத்தின் மூடியைக் கழற்றினேன். பதினைந்து பல் இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று பல். சிரித்துவிட்டேன். "மீட்டர் அறுபதுன்னு சொல்றப்ப நீ அம்பத்திரண்டுலதான் போறம்மா. இனிமே எழுபது காட்டற வரைக்கும் முறுக்கு, நெசமா அறுபதுல போவ" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வண்டி வாங்கினதும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கியபோது, அப்பா அவளிடம் கற்பூரத்தை அணைக்கச் சொல்லி சத்தியம் வாங்கியிருக்கிறார். மீட்டரில் அறுபதுக்கு மேல் ஒரு நம்பர்கூடப் போகக்கூடாது. பல்லு கணக்கை அம்மனிடம் நான் வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கோமதி ஒரே போடாகப் போட்டாள்: "அம்மனுக்கு உங்க கணக்கெல்லாம் வோணாம்ணா, மீட்டர்ல எழுபதுன்னா எழுபதுதான்!"

சத்தியம் வாங்கியவரே

பல்லை மாற்றியது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வண்டியை ஓட்டும் இன்னொரு ஆள் அவள் அப்பா ஏழுமலைதான். போன் போட்டாள். செஞ்சி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார். ஆமாம், அவர்தான். வேறு ஊரில் ஒரு கடையில் மாற்றியிருக்கிறார். பால் கேனோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி முக்கி முனகி நின்றுவிடுகிறதாம். மகளிடம் சொன்னால் வண்டி பாழாகிவிடும் என்று சண்டைக்கு வருவாள், அதனால் சொல்லவில்லை.

நான் கணக்கைச் சொன்னதும் மனுஷன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும், சீவி முடிச்சு சிங்காரிச்சிக்கினு லேட்டாப் போறே என்று அவளைத் திட்டினது அவர்தான். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. பிறகு எழுந்து, "பழைய பல்லையே போட்டுடு தம்பி, நான் ரெண்டு நடையா எடுத்துக்கினு போறேன்" என்றார். கோமதி விடவில்லை: "நீ ரெண்டு நடை போனா வண்டியே எனக்கு ஒம்போது மணிக்குத்தான் வரும் நைனா, பல்லு உனக்கு இருக்கட்டும், மீட்டரு எனக்கு சரியாவட்டும்!"

கூட்டினான் சேகர்

அப்பாவும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தாச்சு. நம்ம வேலை சுலபம். பெட்டியை மாட்டி, நம்பரை வைக்கிற பொறுப்பை என் கூட்டாளி சேகரிடம் விட்டேன். ஒயரிங்கில் அவன் கெட்டிக்காரன். போனில் ஜி.பி.எஸ்ஸைப் போட்டு டேங்க் மேல் ஒட்டிக்கொண்டு, கோட்டை மலையைத் தாண்டி நேர் ரோட்டுக்கு ஓட்டிப் போனேன். போன் ஐம்பது என்கிறது, மீட்டர் அறுபத்தைந்தைத் தாண்டி ஓடுகிறது! இருந்த கோளாறு இரட்டிப்பாகிவிட்டது. மலையிலிருந்த குரங்குகள்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தன.

திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தால், குறைக்க வேண்டியதைக் கூட்டி வைத்திருக்கிறான். ஏழுமலை எதிரிலேயே, "அறிவு இருக்குதாடா?" என்று கத்திவிட்டேன். அவன் அலட்டிக்கொள்ளாமல் மாற்றி வைத்தான். மறுபடி ஓட்டினேன். போன் அறுபது, மீட்டரும் அறுபது. வண்டியை கோமதியிடம் கொடுக்கும்போது சேகர் என் காதில் சொன்னான்: "மீட்டர் கம்மியாக் காட்டுனா இதுவரைக்கும் எந்தக் கஸ்டமராவது நம்மளைப் பாராட்டியிருக்கானா, அந்தப் பழக்கத்துல கை கூட்டிடுச்சுண்ணே!"

பெட்ரோல் குடிக்கும் பெட்டி

அடுத்த வாரம் ஏழுமலை பால் கேனோடு வந்து நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று டீ சொன்னேன். டீயைக் குடித்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். பெட்டி மாட்டினதிலிருந்து வண்டி பெட்ரோலை மொடாக் குடி குடிக்குதாம். பல்லை மாற்றின புதுசில் மைலேஜ் ஏறிவிட்டது என்று பால் ஊற்றுகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்து வைத்திருக்கிறாராம். இப்போது எல்லாரும் கேட்கிறார்களாம்.

பொறுமையாகச் சொன்னேன். மீட்டர் வேகத்தை மட்டும் கூட்டிக் காட்டவில்லை, கிலோமீட்டரையும் கூட்டித்தான் காட்டியது. பெட்ரோல் அதே பெட்ரோல்தான், நீங்க ஓடாத தூரமும் கணக்கில் ஏறியிருந்தது, அவ்வளவுதான். அவருக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வினையாகப் போனது: "வேகத்துல பொய் சொன்னது தப்புதான் தம்பி, மைலேஜுல சொன்ன பொய்யை மட்டும் அப்படியே வுட்டு வச்சிருக்கலாமே!"

அப்பா தனியாக வந்தார்

அதற்குப் பிறகு கோமதி ஒருநாள்கூட லேட்டாகப் போகவில்லை. ஒரு சாயங்காலம் ஸ்வீட் பாக்கெட்டோடு கடைக்கு வந்தாள். வேலை பர்மனன்ட் ஆகிவிட்டது. "அண்ணா, நேத்து அதே பஸ்ஸை நான் ஓவர்டேக் பண்ணேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சேகர் பாதிப் பாக்கெட்டை அப்போதே காலி பண்ணிவிட்டான்.

இரண்டு நாள் கழித்து ஏழுமலை வந்தார். தனியாக. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெட்டியைக் கழற்றிவிடச் சொன்னார். "இன்னா, மைலேஜா?" என்று கிண்டல் பண்ணினேன். "மைலேஜ் கெடக்குது" என்றார். அன்றைக்கு மகள் பஸ்ஸை முந்தினதை வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இவருக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அவளுக்குத் தெரியாமல் கழற்ற முடியாது, அது அவள் கேட்டு மாட்டினது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலைதான் நெலச்சிடுச்சே தம்பி, இனிமே ஏழெட்டு நிமிஷம் லேட்டானா இன்னா, எம்பொண்ணு அறுபதுன்னு நெனச்சிக்கினு அம்பத்திரண்டுலயே போவட்டும்!"

எத்தனை பல்லுக்கு எத்தனை வேகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், எந்த மீட்டரையும் கொண்டு வாங்க சரி பண்ணித் தருகிறேன், ஆனால் பெத்த மகள் வண்டியை எடுத்தால் அப்பாவுக்கு எது சரியான வேகம் என்பதற்கு மட்டும் என் கடையில் பெட்டி கிடையாது.