ஜீப் படியில் வைத்த கால்

அந்த வாரம் என் படிப்பு ஒரு நடிகையின் கால்விரலில் மாட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் அப்போது டிவி இருந்தது வயல்கார அண்ணாச்சி வீட்டில்தான். அப்பாவும் அம்மாவும் அவர் வயலில் வேலை செய்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துப்பறியும் தொடர் வரும். நடவு முடித்து, சேறு கழுவி வந்த அம்மாவோடும் மற்றப் பெண்களோடும் நான் முன்னால் தரையில் உட்காருவேன். பின்னால் பெஞ்சில் ஆண்கள். அண்ணாச்சிக்கு மட்டும் நாற்காலி. அப்பா வாசலோரம் குத்தவைத்திருப்பார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். பஸ்ஸில் பாளையங்கோட்டை போய் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். தொடரில் தப்புக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஈடு கிடையாது; இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. துப்பறிபவரின் இடக்கையில் இருந்த கட்டு வலக்கைக்கு மாறியதையும், பாதி குடித்த காப்பி மறுபடி நிறைந்ததையும் சொன்னவள் நான்தான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அன்றைய கதையில் ஒரு பணக்காரரைக் காணவில்லை. அவர் மனைவியை விசாரிக்கிறார்கள். அவள் உட்கார்ந்திருக்கும்போது காலில் மெட்டி இருக்கிறது. எழுந்து வாசலுக்கு வரும்போது இல்லை. புருஷன் பிணமாகக் கிடைத்த செய்தியே அதற்குப் பிறகுதான் வருகிறது.

"பாத்தீராவே! சேதி வருமுன்ன மெட்டியக் கழத்திட்டா. புருசன் செத்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவதான் கொன்னுருக்கா" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. உக்காந்தத ஒரு நாளும் எந்திரிச்சத இன்னொரு நாளும் படம் புடிச்சிருப்பாவ. மெட்டி போட மறந்திருப்பாவ" என்றேன் நான்.

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அப்பா பக்கம் திரும்பினார்.

"இப்படி எதுத்துப் பேசத்தான் பஸ் ஏத்தி அனுப்புதீராவே? திசையன்விளை மாப்பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல? சரி, அடுத்த வாரம் பாப்போம். அவ காலுல மெட்டி திரும்பக் கெடந்துதுன்னா ஒம்ம மவ சொன்னது சரி, படிக்கட்டும். இல்லன்னா தையில கல்யாணத்த முடிச்சிரும்."

அந்த வரன் அவர் கொண்டுவந்தது. அப்பா ஒரு மாதமாகப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். இப்போது எல்லார் முன்னாலும், "சரி அண்ணாச்சி" என்றுவிட்டார். அப்பா சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததில்லை.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏழு நாளும் பஸ்ஸில் ஏறுகிற பெண்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதை எழுதியவர் வேண்டுமென்றே கழற்றச் சொல்லியிருந்தால்? தப்பும் தடயமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. பாடம் ஏறவில்லை. சோறு இறங்கவில்லை.

அடுத்த செவ்வாய் அண்ணாச்சி வீட்டில் உட்கார இடமில்லை. கொன்றவள் மனைவியேதான். அண்ணாச்சி தொடையைத் தட்டினார். ஆனால் மெட்டியைப் பற்றி துப்பறிபவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கடிதத்தை வைத்துத்தான் அவளைப் பிடித்தார். அந்தக் கடிதம் முதலில் நாலாக மடித்துக் கசங்கியிருந்தது, அடுத்த நொடி மடிப்பே இல்லாத புதுத்தாள். என் கை சும்மா இருக்குமா? குனிந்து நோட்டில் எழுதினேன்.

பக்கத்தில் பெண்கள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். போலீஸ் ஜீப்பின் கதவு மூடிக்கொண்டிருந்தது. அவள் படியில் கால் வைத்து ஏறியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

திரையில் பெயர்கள் ஓடின. திரும்பப் போட்டுப் பார்க்க வழி கிடையாது.

"காலத்தான் காட்டுனானே. நான் மெட்டியக் காணல" என்றார் அண்ணாச்சி. பெஞ்சில் இருந்தவர்களும் காணவில்லை என்றார்கள்.

"கெடந்துது" என்றாள் அம்மா. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அண்ணாச்சிக்கு எதிராக அவள் வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான்.

"பெத்தவ அப்படித்தான் சொல்லுவா. ஏ புள்ள, நீ சொல்லு. நீ பாத்தியா?"

நோட்டு மடியில் திறந்து கிடந்தது. கண்ணால் பார்க்காத எதையும் நான் அதில் எழுதியதில்லை. வாசலில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். நான் நோட்டை மூடினேன்.

"பாத்தேன் அண்ணாச்சி. மெட்டி கெடந்துது."

பிறகு அம்மாவுக்கு அடுத்து இருந்தவள், "ஆமா, கெடந்துது" என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள், "வெள்ளி மெட்டி. ரெட்டைச் சுத்து. பெஞ்சுல இருந்து மூஞ்சியப் பாத்தா காலு எங்கன தெரியும்?" என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மெட்டி விஷயத்தில் அவர்களோடு வாதாட ஆண்களில் ஒருவரும் துணியவில்லை.

அண்ணாச்சி எழுந்து டிவியை அணைத்தார். "காலையில வெள்ளனமே வயலுக்கு வந்துரும்வே" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னார். திசையன்விளைப் பேச்சை அன்று எடுக்கவில்லை, பிறகும் எடுக்கவில்லை.

வாய்க்கால் கரையில் அப்பா முன்னால் நடந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எம்மா, நெசமாவே கெடந்துதா?"

அம்மா கையை உருவிக்கொண்டாள்.

"நீ பாத்தேன்னுதானட்டி சொன்ன?"