வலது பக்கத்துப் பீரங்கி

எழுதிப் பழகாத கை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மறதியும் கூடிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு வீடியோ கேம் கடையில் வேலை செய்தேன். கூட்டுவது, திரைகளைத் துடைப்பது, டோக்கன் கொடுப்பது. என்னோடு இன்னொருத்தியும் இருந்தாள். முன்பு நாங்கள் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவள்தான்.

காலையில் கடை திறக்குமுன் இருவரும் பீரங்கி விளையாட்டு ஆடுவோம். ஒரே திரை, ஆளுக்கொரு பீரங்கி. மூத்தவள் என்ற மரியாதைக்கு வலது பக்கத்தை அவளுக்கு விட்டுவிடுவேன். தினமும் தோற்பேன்.

"பால்மரம் சீவுன கை, இதுல மட்டும் ஏன்டி நடுங்குது?" என்று கேலி செய்வாள். எனக்கும் சிரிப்பு வரும்.

தீபாவளி கழிந்து ஒரு மாதம் இருக்கும், கடை முதலாளித் தவுக்கே, தூரத்தில் கமுந்திங்கில் புதுக் கடை திறப்பதாகவும் எங்களில் ஒருத்தி அங்கே போய்த் தங்கவேண்டும் என்றும் சொன்னார். யார் என்பதை எங்களிடமே விட்டுவிட்டார். கண் தெரியாத அம்மா என்னோடு ஓர் அறையில் இருந்தார். நான் எப்படிப் போவது? அவளுக்கும் அது தெரியும். நீ போயேன் என்று வாய் திறந்து கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"நமக்குள்ள சண்டை வேணாம்லா. ஒரு ஆட்டம் போடுவோம், தோத்தவ போறது," என்றாள்.

தோற்றேன். அம்மாவை என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அம்மா என் கையை விடவே இல்லை.

இரண்டு கடைக்கும் மெஷின் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவர் கமுந்திங்குக்கு வந்தார். மெஷினைத் திறந்து, மரவட்டை மாதிரி கால் வைத்த கறுப்புச் சில்லுகளைக் காட்டினார். ஒரு சில்லை மாற்றினால் ஆட்டமே வேகமாகுமாம், இன்னொன்று கூடுதல் உயிர் கொடுக்குமாம். இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான் என்பதால் தொந்தரவில்லை. ஈப்போ பீரங்கி மெஷினில் மாற்றியதோ கோணலாக அமைந்து, வலது பக்கத்துக் குண்டு மட்டும் வேகமாகப் பாய்கிறதாம். இடது பக்கம் நிற்பவர் ஜெயிக்கவே முடியாதாம்.

"உங்க அக்காகிட்ட தீபாவளிக்கு முந்தியே சொல்லிட்டேனே. சரிபண்ணவான்னு கேட்டதுக்கு, 'அப்படியே இருக்கட்டும்ணே'ன்னு சொன்னாங்க."

அடுத்த லீவில் ஈப்போ போனேன். ஓடி வந்து கட்டிக்கொண்டாள், ஒரு ஆட்டம் போடலாமா என்றாள். நான் போய் வலது பக்கம் நின்றேன். அவள் முகம் சுருங்கியது. குனிந்து சுவிட்சை அணைத்தாள்.

"மெஷின் சரியில்லை லா."

அதன்பிறகு நான் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

சில்லு விஷயத்தில் அந்த அண்ணன் சொன்னதை ஒழுங்காக எழுதினேனா தெரியவில்லை. மெஷின் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.