கறை எடுத்தவள்

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். ரத்தமோ மருந்தோ, அவள் கை பட்டால் துணியில் சுவடு தங்காது. கறைக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கும் அதில் பெருமைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீட்டோடு இருந்தாள். தம்பி மனைவிக்கு முதல் பிள்ளை பிறந்ததும் லீவு போட்டுவிட்டு, "பால் குடுக்கிறது உன் வேலை, துணி என் பாடு" என்றாள். சொன்னபடியே செய்தாள். வினை அங்கேதான்.

பிரசவித்த வீடுகளுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது என் வேலை. ஐந்தாம் நாள் போயிருக்க வேண்டும். அந்த வாரம் ஆள் பற்றாக்குறை. எட்டாம் நாள்தான் போனேன். அதை மறைப்பதற்கில்லை.

"நல்லா குடிக்கிறாளா?"

"ஒரு மணி நேரம் ஆனாலும் வாயை எடுக்கமாட்டா சிஸ்டர்" என்றாள் தாய்.

கறைக்காரி குறுக்கே வந்தாள். "தங்கமான பிள்ளை. அழுகையே கிடையாது. இவ அப்பன் இந்த வயசுல ஊரையே எழுப்பிட்டிருந்தான். இவ எனக்குத் துணி வேலைகூட வைக்கல."

கொடியைப் பார்த்தேன். ஒரே ஒரு சின்னத் துணி தொங்கியது.

"ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறா?"

"ரெண்டு. நேத்து ஒண்ணு."

மார்பில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பது கணக்கே இல்லை. விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். உள்ளே போனதை நாம் அளக்க முடியாது, வெளியே வருவதைத்தான் எண்ண முடியும். ஐந்து நாளுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஆறு துணியாவது கனமாக நனைய வேண்டும். மஞ்சளாக மூன்று தடவையாவது வெளிக்குப் போக வேண்டும்.

"என்ன நிறம்?"

"நாலாம் நாள்லேருந்து செங்கல் பொடி மாதிரி ஒரு கறை. இவ அம்மா பயந்துடுவான்னு காட்டல. சோப்பு போட்டு ஒரே கசக்கு, போயே போச்சு." அவள் குரலில் தொழில் பெருமை இருந்தது. பால் போதாமல் பிள்ளையின் உடம்பில் நீர் வற்றுகிறது என்பதற்கு அந்தக் கறைதான் அடையாளம்.

பிறந்தபோது மூன்று கிலோ இருந்தவளை என் தராசில் வைத்தேன். இரண்டு கிலோ நானூறு. உள்ளங்காலைச் சுண்டினேன், கண் திறக்கவில்லை. வாய்க்குள் விரல் விட்டேன், ஈரமே இல்லை. அது தூக்கம் அல்ல, அழக்கூடத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் அங்கே கிடந்தாள். தாயிடம் பால் இல்லாமல் இல்லை. பிள்ளை வாயில் காம்பின் நுனி மட்டும் இருந்தது. அதனால் பால் இறங்கவில்லை, போகப்போகச் சுரப்பதும் குறைந்துவிட்டது. முதல் நாளே யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாயை அகலத் திறக்கவைத்து மார்பில் போட்டிருந்தால் போதும்.

பிள்ளை பிழைத்தாள். ஆனால் மூளை அடிபட்டதில் வலது கை மூடியபடியே நின்றுவிட்டது. இரண்டரை வயதிலும் தவழத்தான் செய்தாள். ஒருநாள் அந்தக் கையைப் பிரிக்க முயன்று அலுத்துப்போன தாய், "எல்லாத்தையும் கசக்கிப் போக்குவீங்களே அக்கா, இதையும் போக்குங்க" என்றாளாம். ஒரே தடவைதான் சொன்னாள். அதன்பின் அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

போன மாதம் இரண்டாவது பிள்ளை பிறந்தது. இந்தத் தடவை ஐந்தாம் நாளே போனேன். ஜன்னலடியில் வெளிச்சம் விழுகிற இடத்தில் நனைந்த துணிகள் வரிசையாக விரித்துக் கிடந்தன. கறைக்காரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். தாய் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் வாளிக்குள் போட்டாள். மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, திறக்கிற கையால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறு" என்றாள் கறைக்காரி என்னிடம். "இன்னும் பொழுது சாயல."